அதிகாரி லைவில் வந்து கருப்பட்டி விற்கலாமா?

கேள்வி இதுதான்: “என் தங்கை குமரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மேலதிகாரி வாரம் ஒருநாள் ராத்திரி ஃபேஸ்புக்கில் லைவ் வந்து மகளிர் குழுக்களின் தேன், கருப்பட்டி, சிப்ஸ் எல்லாம் விற்றுக் கொடுக்கிறார். நல்ல வரவேற்பு. இப்போது தங்கையையும் ஒரு லைவ் நடத்தச் சொல்கிறார்கள். அவளுக்கு ஏதோ உறுத்துகிறது. அரசு அதிகாரி இப்படிப் பொருள் விற்கலாமா? நல்லதுதானே செய்கிறார்கள், இதில் என்ன தப்பு இருக்க முடியும்?”

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: செய்யலாம். நம் மாவட்டத்துப் பொருளைப் பற்றி அதிகாரிகள் பேச வேண்டும் என்பதுதான் என் கட்சி. நான் இருபது வருடத்துக்கு மேல் மகளிர் குழுக்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழுப் பெண்கள் செய்த சரக்கைக் கண்காட்சிக் கொட்டகையில் அடுக்கி வைத்து, மாலைவரை ஆள் வராமல், அதே சரக்கைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஆட்டோ வாடகை போக அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. திருவட்டாற்றில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் விற்க முடிகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உங்கள் தங்கையின் உறுத்தல் நியாயமானது. அதிகாரி “இது நல்ல தேன்” என்று சொல்லும்போது பார்ப்பவர் காதில் “அரசாங்கம் சொல்கிறது” என்றுதான் விழும். அவர் யார் என்று மதுரையில் இருப்பவருக்குத் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பதவி தெரியும். அந்தப் பதவிமேல் ஜனங்கள் வைத்திருக்கிற நம்பிக்கை அவர் சொந்தமாகச் சம்பாதித்தது கிடையாது. அது மாவட்டத்தில் உள்ள எல்லோருக்கும் பொது. அதை ஒரு பாட்டிலுக்குத் தூக்கிக் கொடுக்கும்போது யார் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. வடசேரி சந்தையில் கடைக்காரர் “வாங்கம்மா, எடுத்துக்கோங்க” என்றால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்துவிடலாம். அதிகாரி சொன்னால் அப்படி நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். குழுவுக்குக் கடன் பரிந்துரை அவர் கையெழுத்து. கண்காட்சியில் கடை யாருக்கு என்பது அவர் முடிவு. ஒப்பந்த ஊழியருக்கு அடுத்த வருடம் வேலை நீடிக்குமா என்பதிலும் அவர் வார்த்தைக்கு இடம் உண்டு. ஆகவே எந்த லைவைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியுமா?

இந்தப் பழக்கம் பெரிய அளவில் கிளம்பியது சீனாவில். 2020 தொடக்கத்தில் கொரோனாவால் சந்தைகள் மூடி, விளைந்தது தோட்டத்திலேயே கிடந்து அழுகியபோது, மேயர்களும் கவுண்டி எனப்படும் வட்டாரங்களின் தலைவர்களும் போனைத் தூக்கிக்கொண்டு பழமும் தேயிலையும் விற்கத் தொடங்கினார்கள். அந்த ஏப்ரலில் ஷி ஜின்பிங்கே ஷான்சி மாகாணத்தில் சாஷுய் என்ற மலைப்பகுதிக்குப் போய், மரக்காளான் விற்கும் லைவ் கூடத்தில் நின்று பேசினார். அப்புறம் சொல்லவா வேண்டும், நாடு முழுக்க அதிகாரிகள் லைவ் வந்தார்கள். பல விவசாயிகளுக்கு அது கைகொடுத்தது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. பார்வையாளர் எண்ணிக்கையும் விற்பனைத் தொகையும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கீழே இருக்கும் ஊழியர்களை லைவில் உட்கார வைத்து, வாங்கவும் வைத்தார்கள் என்று செய்திகள் வந்தன. அங்குள்ள அரசு ஊடகங்களே அதைக் கண்டித்து எழுதின.

நமக்கு இது புதிது இல்லை. லைவ் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் இதைச் செய்திருக்கிறோம். கண்காட்சி முடிகிற நாளில் விற்காத ஊறுகாய் பாட்டில்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஆள் பங்கு போடப்படும். நானே போட்டிருக்கிறேன். “குழுப் பெண்கள் பாவம், ஆளுக்கு மூணு எடுங்க” என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். எடுக்காமல் போனவர் ஒருவரும் இல்லை, எனக்குப் பெருமையாக இருக்கும். தொகுப்பூதியத்தில் இருந்த ஓர் ஒருங்கிணைப்பாளர் பெண் வேறு வேலை கிடைத்துப் போனபோது அவளுடைய மேசை டிராயரைத் திறந்தோம். நார்த்தங்காய் ஊறுகாய் மூன்று பாட்டில், ஒரு வருடத்துக்கு முந்தைய தேதியோடு, மூடிகூடத் திறக்காமல் இருந்தது. வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் அந்தப் பணம் அவளுக்கு எவ்வளவு பெரிசாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் வற்புறுத்தவில்லை என்று என்னால் சொல்ல முடியும். அவளால் மறுக்க முடிந்திருக்குமா என்று நான் கேட்கவே இல்லை.

வாட்ஸ்அப் குழு வந்த பிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. “எல்லோரும் லைவில் இணையவும், பகிரவும்” என்று ஒரு செய்தி. யார் பார்த்தார்கள், யார் கமெண்ட் போட்டார்கள் என்பது பெயரோடு தெரிந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு, பிள்ளைக்குச் சோறு கொடுக்கிற நேரத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு இதயக் குறி அனுப்புவதும் வேலைதான். அதற்குச் சம்பளம் கிடையாது.

அடுத்து குழுப் பெண்கள். அவர்களுக்குத்தானே லாபம், அவர்கள் ஏன் வேண்டாம் என்பார்கள் என்று தோன்றும். ஒரு லைவை நான் நேரில் நின்று பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஏத்தங்காய் சிப்ஸ், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற குழு. உருளியில் தேங்காய் எண்ணெய் காய்ந்து நிற்கிறது. ஓர் அக்கா தோல் உரித்த காயைச் சீவுகட்டையில் வைத்து நேராக எண்ணெயிலேயே சீவி விழ வைக்கிறார். பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுகிறார். சடசடவென்று பொங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்குகிறது. சத்தம் முழுக்க அடங்கினால் எடுக்கலாம் என்று அர்த்தம், கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம். அவ்வளவு நேர்த்தியான கைவேலை. அதிகாரி போனை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், “அக்கா, உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தார், அதுக்கப்புறம் நீங்க எப்படிக் கஷ்டப்பட்டீங்கன்னு சொல்லுங்க, மக்கள் தெரிஞ்சுக்கட்டும்” என்றார். அந்த அக்கா ஒரு நிமிடம் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அப்புறம் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், கடன் வாங்கிய இடம் வரை. அந்த ஈடு கருகிப்போனது. அன்றைக்கு ஆர்டர் நன்றாக வந்தது. மறுநாள் நாகர்கோவிலில் காலேஜில் படிக்கும் மகனுக்கு அவன் வகுப்புப் பிள்ளைகளே அந்த வீடியோவை அனுப்பியிருந்தார்கள்.

அவரிடம் யாரும் கத்தவில்லை, மிரட்டவில்லை. அதிகாரி நல்ல மனிதர், கண்ணில் தண்ணீரோடுதான் கேட்டார். ஆனாலும் அந்த இடத்தில் “மேடம், அது வேண்டாம்” என்று சொல்லும் நிலை அந்த அக்காவுக்கு இருந்ததா? சிப்ஸின் ருசியைக் காட்டி விற்கலாம், கைவேலையைக் காட்டி விற்கலாம். விதவை என்பதைக் காட்டி விற்பது வேறு. வாங்குபவர் இரக்கப்பட்டு ஒருதடவை வாங்குவார், மறுபடி வர மாட்டார்.

விலை விஷயமும் இப்படித்தான். லைவின் உற்சாகத்தில், “இன்னைக்கு மட்டும் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைவு” என்று அதிகாரியே அறிவித்துவிடுவார். அந்த ஐம்பது யாருடையது? 2025இல் தேங்காய் எண்ணெய் தாறுமாறாக ஏறியபோது சிப்ஸ் போடுகிற குழுக்கள் பட்ட பாடு தெரிந்தவர்கள் இதை வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். கேமரா ஓடும்போது எதிர்த்துப் பேச முடியாமல் தலையாட்டிவிட்டு, அப்புறம் வீட்டில் கணக்குப் போட்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது ஆள் லைவிலேயே இல்லாதவர். ஓர் ஒன்றியத்தில் நூற்றுக்கணக்கில் குழுக்கள் இருக்கும். நன்றாகப் பேசத் தெரிந்த, சாலையோரத்தில் இருக்கிற, அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து போகிற நாலைந்து குழுதான் திரும்பத் திரும்ப வரும். கீரிப்பாறைக்கோ பத்துகாணிக்கோ மலையேறிப் போய் லைவ் எடுக்க சிக்னலும் இருக்காது, யாருக்கும் பொறுமையும் இருக்காது. குழுவிலே சேராமல் தனியாக நாலு தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவர், மார்த்தாண்டத்தில் சிறுகடை வைத்து முறையாக வரி கட்டுபவர், இவர்களும் இந்த மாவட்டத்துக்காரர்கள்தானே. எதிர்க்கடைக்கு அரசாங்கமே விளம்பரம் செய்வதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

இதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயம் கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது வேட்டி தினம் என்று ஒன்றைத் தொடங்கி, வேட்டி கட்டச் சொல்லிப் பிரசாரம் செய்தார். அது ஆயிரக்கணக்கான நெசவாளர்களின் கூட்டுறவு, அதை வளர்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவர் எடுத்துப் பேசியது வேட்டி என்ற பொருளை. கடைக்காரர்களில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து அவரிடம் வாங்குங்கள் என்று சொன்னால் கதை வேறாகியிருக்கும்.

அந்த மாதிரி பேசுவதற்கு நம் மாவட்டத்தில் விஷயத்துக்கா பஞ்சம்? ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோயில் நகை, குமரி கிராம்பு, மட்டிப் பழம், கடைசியாக 2025இல் தோவாளை மாணிக்க மாலை என்று வரிசையாகப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். மட்டிக்கும் மற்ற வாழைக்கும் என்ன வித்தியாசம், ஏன் இங்கே குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழமாக மட்டி இருக்கிறது என்று ஒரு தோட்டக்கலை அதிகாரி அரைமணி நேரம் பேசினால் மட்டி பயிரிடுகிற எல்லோருக்கும் அது போய்ச் சேரும். மாணிக்க மாலையைப் பார்சலில் அனுப்ப முடியாது. ஆனால் அரளிப் பூவை மடக்கி மடக்கி, நொச்சி இலையோடு சேர்த்து, ரத்தினக்கல் பதித்ததுபோல் எப்படிக் கட்டுகிறார்கள் என்று காட்டினால் பார்க்கிறவர் தோவாளைக்கே வருவார். ஒரு எச்சரிக்கை மட்டும்: புவிசார் குறியீடு 1999ஆம் வருடச் சட்டத்தின்கீழ் வருவது, அந்தப் பெயரைச் சரக்கில் போட்டு விற்கப் பதிவு செய்த பயனாளர்களுக்குத்தான் உரிமை. லைவில் வாய்க்கு வந்தபடி “ஜி.ஐ. டேக் வாங்கிய கிராம்பு” என்று எந்தப் பாக்கெட்டையும் தூக்கிக் காட்டக் கூடாது. அதோடு கிராம்பு பெரும்பாலும் மலைத்தோட்டங்களில் விளைவது. மாறாமலையிலும் கரும்பாறையிலும் பறிக்கிற கூலிப் பெண்ணுக்கு அந்த லைவால் ஒரு ரூபாய் கூடுமா, தோட்டக்காரருக்கு மட்டும் போகுமா என்பதையும் ஒருதடவை யோசித்துப் பார்க்கலாம்.

இனி வாங்குகிறவர். எனக்கு அதிகம் வயிறு எரிகிற இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பு நூறு வருடக் கதை. 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலிருந்து பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாக ஈக்கள் அழிந்தன. அதிலிருந்து எழுந்து வந்தவர்கள் இவர்கள். இன்றைக்கு இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, பூவில் இல்லாமல் இலைக்காம்பில் தேன்துளி சுரக்கும், ஈக்கள் அதை எடுக்கும். அந்தத் தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலுக்கு அடியில் நெய் மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொண்டு நிற்கும். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள எந்த நல்ல தேனும் உறையும், அது இயற்கை. பாட்டிலைக் கைபொறுக்கும் சூட்டில் வெந்நீரில் நிறுத்தினால் திரும்ப இளகிவிடும்.

ஒரு லைவில் ஓர் அதிகாரி தேன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, “அடியில் கட்டியாக உறைஞ்சா அது சீனிப்பாகு கலந்தது, எங்க குழுத் தேன் உறையவே உறையாது” என்றார். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்கும், தீக்குச்சியை முக்கினாலும் எரியும் என்று செய்தும் காட்டினார். மூன்றும் தப்பு. கெட்டியான சர்க்கரைப்பாகும் தண்ணீரில் அப்படியேதான் இறங்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு, கலப்படப் பாகு வழக்கமான ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றிவிட்டுப் போகிறது என்று காட்டியது. ஆய்வகமே திணறும் இடத்தில் தீக்குச்சி என்ன செய்யும்?

இதை ஒரு யூடியூப்காரர் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள், நாலு பேர் கீழே திட்டுவார்கள். அதிகாரி சொன்னதால் அது அரசு சொன்ன சோதனை ஆகிவிட்டது. அடுத்த வாரமே குலசேகரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தேனீ வளர்ப்பவர், வயசான மனிதர், உறைந்த தேன் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒன்பது பாட்டிலைத் திண்ணையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கலெக்டர் ஆபீசுக்காரங்களே சொல்லிட்டாங்களாம், நான் என்னத்தச் சொல்ல” என்றார். ஒரு சொட்டுக்கூடக் கலப்படம் செய்யாத ஆள். அந்த அதிகாரி ஒரு தேனீ வளர்ப்பவரிடம் பத்து நிமிடம் கேட்டிருந்தால் போதும்.

கருப்பட்டியில் இதைவிட ஆபத்து. “சுகர் உள்ளவங்களும் தாராளமா சாப்பிடலாம்” என்று சொல்லாத கருப்பட்டி விளம்பரம் உண்டா? கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சர்க்கரை. அதை நம்பி ஒரு பாட்டி மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி குடித்தால் யார் பொறுப்பு? நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதை 2018ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிகள் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், விற்பவரை மட்டும் இல்லாமல் பொருளைப் பரிந்துரைத்துப் பேசுபவரையும் பிடிக்கிறது. முதல்தடவை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஒருவரின் முகம், பேச்சு மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ காட்டி நம்பவைப்பதும் பரிந்துரைதான் என்று அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. சொல்வதற்கு முன் உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்திருந்தால் பரிந்துரைத்தவர் தப்பலாம். ஆகவே “எனக்குச் சொன்னதைச் சொன்னேன்” என்பது பதில் ஆகாது. 

வாங்குகிறவருக்கு இன்னொரு சங்கடம். பொருள் மோசமாக வந்தால் அவர் எங்கே போவார்? உணவுப் பாதுகாப்பு அலுவலர்தான் சாம்பிள் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மேலதிகாரி லைவில் தூக்கிக் காட்டிப் புகழ்ந்த பாட்டிலை எடுத்து “இது தரமில்லை” என்று எழுத அந்த அலுவலருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் பட்டியலில் அவரும் சேர்ந்துவிடுகிறார். கண்காணிக்க வேண்டியவர்களே விற்பனையில் இறங்கினால் நடப்பது இது.

சரி, எல்லாம் நல்லபடியாக நடந்து லைவ் வெற்றி பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெற்றியே சிக்கலாகும், அதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் அக்கானி, அதாவது பதநீர் வேண்டும். அதற்கு ஒருவர் விடியலுக்கு முன்னும் சாயங்காலமும் பனையேறிப் பாளை சீவ வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கி, மணிக்கணக்கில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்ற வேண்டும். பனையேறுகிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள், பதநீர்க் காலம் முடிந்தால் முடிந்ததுதான். நாற்பது கிலோ செய்யும் குழுவுக்கு ஒரே ராத்திரியில் முந்நூறு கிலோ ஆர்டர் வந்தால் மீதி எங்கிருந்து வரும்? பனை ஒரே ராத்திரியில் வளருமா? மொத்தச் சந்தையிலிருந்து மூட்டையாக இறக்கி, குழுவின் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்த மூட்டையில் சீனி எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதிகாரியிடம் போய், “எங்களால் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்ல அந்தப் பெண்களுக்குப் பயம், வெட்கம். அதிகாரிக்கு எண்ணிக்கை மேலே காட்ட வேண்டிய அவசரம். இரண்டுக்கும் நடுவில் நேர்மையான ஒரு குழு கலப்படக் குழுவாக மாறிவிடுகிறது.

அதிகாரியின் சொந்த லாபம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அங்கே விதி தெளிவு. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 1968ஆம் வருட நடத்தை விதிகள், மாநில ஊழியர்களுக்கு 1973ஆம் வருட விதிகள். அனுமதியில்லாமல் தனி வியாபாரம் கூடாது. குடும்பத்தார் நடத்தும் ஏஜென்சி வியாபாரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே விதிமீறல் என்று 1968 விதிகள் விளக்கமாகவே சொல்கின்றன. பக்கத்துக் கேரளத்தில் 2023இல் அரசு ஊழியர் யூடியூப் சேனல் நடத்தி வருமானம் பார்க்க முடியாது என்று உத்தரவே போட்டார்கள். யாரும் பார்க்காத ஒரு லாபம் இன்னும் இருக்கிறது: ஃபாலோயர்கள். அரசாங்கக் கார், அரசாங்க நேரம், குழுப் பெண்களின் முகம் எல்லாவற்றையும் வைத்து ஐம்பதாயிரம் பேர் சேர்ந்தது அதிகாரியின் சொந்தப் பெயர்ப் பக்கத்தில் என்றால், மாற்றல் உத்தரவு வந்ததும் அந்த ஐம்பதாயிரம் பேரும் அவரோடு வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள். குழுவுக்கு மிஞ்சுவது பழைய வீடியோ.

இப்போது உங்கள் தங்கைக்கு. லைவ் நடத்த மாட்டேன் என்று சொல்லச் சொல்லவில்லை. வாய்மொழி உத்தரவை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அலுவலகக் குறிப்பில், “ஊழியர்கள் வாங்க வேண்டிய, பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை” என்ற ஒரு வரியை அவளே சேர்த்துக் கேட்கட்டும். நல்ல அதிகாரி என்றால் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார். தயங்கினால் அந்தத் தயக்கமே உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

எந்தக் குழு எந்த வாரம் என்பதை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி எடுத்து, பலகையில் ஒட்டட்டும். தொலைவில் உள்ள மலைக்கிராமத்துக் குழுவுக்கு முதல் சுற்றிலேயே இடம் வரட்டும். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி எல்லாம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்க்கட்டும். கையிருப்பு எத்தனை கிலோ என்று குழுவே எழுதிக் கொடுக்கட்டும், லைவில் அந்த எண்ணை முதலிலேயே சொல்லி, தீர்ந்ததும் ஆர்டரை நிறுத்தட்டும். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகிற கியூஆர் கோடு மட்டும் திரையில் தெரியட்டும், ஊழியர் யாருடைய போன் நம்பரும் வேண்டாம். வாங்குகிறவர் வீட்டு முகவரியைக் கமெண்டில் போடவும் வேண்டாம். முடிந்தால் ஆர்டர் எல்லாம் ‘மதி’ பெயரிலுள்ள அரசு அங்காடிக்கோ இணையச் சந்தைக்கோ போகட்டும், அங்கே பில் இருக்கும், கேட்க ஆள் இருக்கும்.

பேச்சைக் குழுப் பெண்களே பேசட்டும். உங்கள் தங்கை தொடக்கத்தில் இரண்டு நிமிடம் வந்து, “நான் இந்த ஒன்றியத்தில் வேலை பார்க்கிறேன், இந்தக் குழுவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தோம், தரத்துக்குக் குழுதான் பொறுப்பு, இதனால் எனக்கு ஒரு பைசா வரவில்லை” என்று சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய்விடலாம். அலுவலக நாற்காலியும் அரசு முத்திரையும் பின்னணியில் தெரியாமல் பார்த்துக்கொள்ளட்டும். என்ன கேட்கப் போகிறோம் என்பதை முந்தைய நாளே அந்தப் பெண்களிடம் சொல்லி, சொல்ல விருப்பமில்லாததை விட்டுவிடலாம் என்றும் சொல்லட்டும். தேன் என்றால், உறையும் என்பதை அவளே முதலில் சொல்லட்டும், உறைந்த பாட்டில் ஒன்றைக் காட்டியே சொல்லட்டும். குலசேகரத்து அந்தப் பெரியவரை ஒரு வாரம் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் இன்னும் நல்லது. குழுவில் இல்லாதவர் என்பதால் அவர் தேனை விற்க வேண்டாம், ரப்பர் தேன் எப்படி வருகிறது என்று அவர் சொன்னால் போதும், எல்லோர் தேனும் விற்கும்.

பக்கத்தை அலுவலகப் பெயரில் தொடங்கச் சொல்லுங்கள், அலுவலக மின்னஞ்சலில். அவளுக்கோ அவளுடைய அதிகாரிக்கோ மாற்றல் வரும் நாளில் சாவி, ரப்பர் ஸ்டாம்ப், கோப்புகளோடு அந்தப் பாஸ்வேர்டையும் சார்ஜ் லிஸ்டில் ஒரு வரியாக எழுதி ஒப்படைக்கட்டும்.